அந்தப் பந்தை எடுத்தேன்

ஒரு ஊரில் நான்கு சுவர் இருந்ததாம். நான்கு சுவருக்கு நடுவில் இரண்டு பேர் இருந்தார்களாம். ஒருத்தன் பந்தைக் கொல்கிறவன். இன்னொருத்தன் செத்துப்போகப் பார்க்கிற பந்தைத் தூக்கி உட்கார வைக்கிறவன். கதை இவ்வளவுதான் மாஸ்டர். இரண்டாவது ஆள் நான்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஒரு கப்பைத் துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருக்கிறாயே, என்ன விஷயம் என்று கேட்டீர்கள். கரண்ட் வருகிற வரைக்கும் ஜமீல் பாயின் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாமல் உங்கள் கப்பிலும் பெயர் ஏறாது, என் கப்பிலும் ஏறாது. டிரான்ஸ்பார்மரில் ஆள் ஏறியிருக்கிறானாம். பெரியமேட்டில் ஏறினவன் இறங்குவதற்குள் ஒரு கதை தாராளமாகச் சொல்லலாம்.

கரண்ட் வந்ததும் நீங்களே முதலில் கொடுங்கள். இல்லை, பரவாயில்லை. நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படியேறினோம். யார் முன்னால், யார் பின்னால் என்று பாய்க்கே தெரியவில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால் நீங்களே முதல். பொன்னேரியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், நாளைக்கு உங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டே. எனக்கு ஒரே கப், ஒரே வரி. பாய், அந்த முதல் படியில் கல் ஆடுகிறது, பார்த்து வையுங்கள், யாராவது விழப் போகிறார்கள். மாஸ்டர், அந்த ஸ்டூல் வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இந்த நாற்காலியில் உட்காருங்கள். நான் நிற்கிறேன்.

ஸ்குவாஷ் தெரியுமா? தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியவர், பக்கத்துக்கு எத்தனை பேர் தம்பி என்று கேட்டார். பக்கமே கிடையாது ஐயா என்றேன். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. ஆனால் நிஜமாகவே பக்கம் கிடையாது. டென்னிஸ் என்றால் நடுவில் வலை இருக்கிறது, அவன் அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். இதில் இரண்டு பேரும் ஒரே அறைக்குள். இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்து அடிக்க வேண்டும். எதிரி எதிரில் இருக்க மாட்டான், தோளை இடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். அவன் மூச்சு உங்கள் காதில் படும். பந்து தரையில் ஒருமுறை படலாம். இரண்டாவது முறை படுவதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் பாயிண்ட் அவனுக்கு. இவ்வளவுதான் சட்டம்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். அது சின்ன ரப்பர் பந்து. குளிர்ந்திருந்தால் சாணி உருண்டை மாதிரி விழுந்த இடத்திலேயே கிடக்கும். அடித்து அடித்துச் சூடாக்கினால்தான் எழும்பும். எவ்வளவு சூடோ அவ்வளவு எழும்பும்.

அந்த முதல் ஆள் பெயர் நிரஞ்சன் முத்தையா. பெரிய குடும்பம். அவன் ஆட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும் மாஸ்டர், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மட்டையைத் தூக்குவான், எங்கே அடிக்கப் போகிறான் என்று மட்டைக்கே தெரியாது. பின்னால் அடிக்கப் போகிறான் என்று நாம் ஓடத் தொடங்கினால், மணிக்கட்டைச் சும்மா இப்படித் திருப்புவான். பந்து முன் சுவரில் முத்தம் கொடுத்துவிட்டு மூலையில் படுத்துக்கொள்ளும். ஜனங்கள் ஆஹா என்பார்கள். மூன்று அடி, நான்கு அடி, ஆஹா. அவனுக்கு வியர்க்காது. சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாது.

என் ஆட்டம் வேறு. நான் பந்தைச் சுவரோடு ஒட்டிப் பின்மூலைக்கு அனுப்புவேன். அவன் திருப்பி அடித்தால் மறுபடி பின்மூலைக்கு. அவன் முன்னால் போட்டால் ஓடி எடுத்து, உயரத் தூக்கி, மறுபடி பின்மூலைக்கு. என் ஆட்டத்துக்கு ஆஹா கிடையாது. எதிராளி சலித்துப்போய்த் தப்பாக அடிக்கும்போது கூட்டம் ‘ச்ச’ என்று சொல்லும். அந்த ‘ச்ச’தான் எனக்குக் கைத்தட்டல். ஒருமுறை கோயம்புத்தூரில் ஒருவர் எழுந்துபோய் காபி குடித்துவிட்டு வந்து, இன்னும் அதே பந்தா என்று பக்கத்தில் கேட்டார். எனக்குக் காதில் விழுந்தது. அதே பந்துதான் ஐயா, உட்காருங்கள் என்று சொல்லத் தோன்றியது.

பேப்பரில் அவனை மந்திரக்காரன் என்று எழுதினார்கள். என்னைச் சுவர் என்று எழுதினார்கள். திட்டியிருக்கிறானா, பாராட்டியிருக்கிறானா என்று அப்பா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். பயந்தவன் ஆடுகிற ஆட்டம் இல்லை அது. ஓடினால்தான் தெரியும். நிரஞ்சன் ஒரு பந்தில் முடிக்கப் பார்ப்பான். நான் இன்னொரு பந்து ஆடலாம் வா என்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் இன்னொரு பந்து. உலகத்தில் அதைவிடத் திமிரான ஆட்டம் ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். நீங்கள் பி.டி. மாஸ்டர்.

அப்பா ஒரு கிளப்பில் மார்க்கர். மார்க்கர் என்றால், ஜோடி இல்லாமல் வருகிற மெம்பரோடு ஆட வேண்டும், பாயிண்ட் எண்ண வேண்டும், கோர்ட்டைத் துடைக்க வேண்டும், கண்ணாடி அலமாரியில் இருக்கிற கப்பை எல்லாம் பளபளவென்று வைத்திருக்க வேண்டும். அதில் ஒரு வழக்கம் உண்டு. மெம்பருக்கு வியர்க்க வேண்டும், ஆனால் மெம்பர் தோற்கக் கூடாது. அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் பந்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்து ஒரு தடவை பட்டதா, இரண்டு தடவை பட்டதா என்று சந்தேகம் வந்தால், அப்பா பந்தைப் பார்க்க மாட்டார், மெம்பர் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, உங்களுதுதான் சார் என்பார். சந்தேகப் பந்து மெம்பருக்கு. எல்லா கிளப்பிலும், எல்லா மார்க்கருக்கும் அப்படித்தான். அதில் அவமானமும் கிடையாது, ஒன்றும் கிடையாது, வேலை.

நிரஞ்சனின் அப்பா அந்த கிளப்பில் மெம்பர். எனக்கும் நிரஞ்சனுக்கும் ஒரே வயது. அதனால் சாயங்காலத்தில் அவனுக்குப் பந்து போட என்னைக் கூப்பிடுவார்கள். முன்னால் போடு தணிகா, என்பான். போடுவேன். கொஞ்சம் உயரமா, என்பான். உயரமாகப் போடுவேன். அவன் அந்த மணிக்கட்டைத் திருப்பிப் பழகியதெல்லாம் அப்படித்தான். இன்றைக்கு நிரஞ்சன் அடிக்கிற ஒவ்வொரு அழகான பந்துக்கும் முந்தின பந்து என்னுடையது. இதை எந்தப் பேப்பரிலும் எழுத மாட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பழைய கதை. அப்பா வேலை வேறு, என் ஆட்டம் வேறு. பிறகு நான் ஜூனியரில் ஜெயித்தேன், மாநிலத்தில் ஜெயித்தேன், மலேசியா வரை போய் ஆடினேன். நான் மார்க்கர் இல்லை மாஸ்டர், நான் பிளேயர். எனக்கு விட்டுக்கொடுக்கிற பழக்கமே கிடையாது. கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்கள், உங்கள் மேல் வெயில் விழுகிறது. நான் அங்கே நின்றுகொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அதே கிளப்பில் பைனல். நிரஞ்சனும் நானும். ஜெயிக்கிறவனுக்கு இந்திய டீமில் கடைசி இடம். தோற்கிறவனுக்கு அடுத்த முறை. எனக்கு அடுத்த முறை கிடையாது, முழங்கால் அப்படி. ஓடி ஓடி எடுக்கிறவனுக்கு மணிக்கட்டு தேயாது, முழங்கால்தான் தேயும்.

அப்பா ஆட்டம் பார்க்க வந்தார். வேலையை விட்டு வெகுநாளாகிவிட்டது, ஆனாலும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். ஆடுகிறவர்களின் குடும்பத்துக்கென்று முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா அதில் உட்காரவில்லை. பக்கவாட்டில் கேண்டீன் ஆட்கள் நிற்கிற படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கோபம். ஆட்டத்துக்கு முன்னால் எதற்குக் கோபம் என்று விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு கேம் அவனுக்கு. ஏசி போட்ட கண்ணாடிக் கோர்ட், ஐஸ் பெட்டி மாதிரி. பந்து குளிர்ந்திருந்தது. அவன் போடுகிற பந்தெல்லாம் மூலையில் போய்ச் செத்தது. ஆஹா, ஆஹா. நான் ஒன்றும் பண்ணவில்லை. பின்மூலை, பின்மூலை, பின்மூலை. அவன் கொல்லக் கொல்ல நான் சூடேற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது கேமில் பந்துக்கு உயிர் வந்துவிட்டது. அவன் அதே மணிக்கட்டைத்தான் திருப்பினான், ஆனால் பந்து படுக்கவில்லை, எழுந்து என்னைப் பார்த்தது. எடுத்தேன். மறுபடி போட்டான், எடுத்தேன். நான்காவது கேம் முடிந்தபோது அவன் சுவரில் கை வைத்துக் குனிந்து நின்றான். இஸ்திரி மடிப்பு போயிருந்தது. ஆளுக்கு இரண்டு கேம்.

ஐந்தாவது, கடைசி கேம். பத்து அவனுக்கு, ஒன்பது எனக்கு. பதினொன்றில் ஆட்டம் முடியும். அவனுக்கு மேட்ச் பால். நான் எடுத்துவிட்டால் பத்துக்குப் பத்து. அந்த நிலைமையில் அவன் காலும் மூச்சும் இருந்த லட்சணத்துக்கு, பத்துக்குப் பத்து வந்திருந்தால் ஆட்டம் என்னுடையது. இது பெருமைக்குச் சொல்லவில்லை. அங்கே இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தப் பந்து. நான் பின்னால் நிற்கிறேன். அவன் முன் வலது மூலையில் போட்டான். அவன் வாழ்க்கையிலேயே நல்ல பந்து அதுதான் என்று நினைக்கிறேன். ஓடினேன். கடைசி எட்டு எடுத்து வைக்கவில்லை, விழுந்தேன். மட்டையை நீட்டினேன். பந்து மட்டையில் பட்டது, சுவருக்குப் போனது, சுவரடியில் ஒரு தகரம் இருக்கும், அதில் பட்டால் அவுட், அதற்கு ஒரு விரல் மேலே பட்டுத் தரையில் படுத்தது. அவன் ஓடவே இல்லை. ஓடவும் முடியாது.

திரும்பி என்னைப் பார்த்தான். “தணிகா, எடுத்தியா?” என்றான்.

அவன் என்னைத் தணிகா என்று கூப்பிட்டு எவ்வளவோ வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் வேல் என்பான், வெளிநாட்டுக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி.

நடுவர் பின்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அவருக்கு என் முதுகு மறைத்துவிட்டது. கேமராவும் பின்னால்தான், அதிலும் என் முதுகுதான். அவர் மைக்கில், “எனக்குத் தெரியல தணிகைவேல். நீங்க சொல்லுங்க” என்றார். எங்கள் ஆட்டத்தில் அது உண்டு மாஸ்டர். எடுக்காத பந்தை எடுக்கவில்லை என்று ஆடுகிறவனே சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. நான் எடுத்தேன் என்றால் பாயிண்ட் எனக்கு. ஒன்றும் பேசாமல் வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால்கூட, அந்தப் பாயிண்டை இன்னொரு தடவை ஆடச் சொல்லியிருப்பார்.

நான், “இல்ல சார்” என்றேன்.

அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தது.

என்னைப் பார்க்காதீர்கள் அப்படி. எடுத்தேன் மாஸ்டர். அந்தப் பந்தை எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாக நான் சூடேற்றின பந்து அது, எழும்பாமல் எங்கே போகும்? இரண்டு தடவை பட்ட பந்து மட்டையில் ஈரத்துணி மாதிரி விழும். இது அப்படியில்லை, கெட்டியாக வந்து பட்டது. என் உள்ளங்கைக்குத் தெரியும். இப்போதும் கையை மூடினால் தெரிகிறது.

பிறகு ஏன் இல்லை என்று சொன்னாய் என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். மூச்சு வாங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியிருந்தது. ஏசி சத்தம் வேறு. விழுந்து கிடக்கிறவனிடம் கேள்வி கேட்டால் வாய்க்கு வந்ததுதான் வரும். சார் என்றது நடுவரைத்தான். நிரஞ்சன் எனக்கு நேர் எதிரே நின்றிருந்தான், அதனால் அவனைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். அவனை நான் எதற்கு சார் என்று கூப்பிட வேண்டும்?

உடனே கூட்டம் எழுந்து நின்றது. எழுந்து நின்று கைதட்டினார்கள். நிரஞ்சனுக்கு இல்லை, எனக்கு. மெம்பர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள், ஸ்பான்சர் கம்பெனிக்காரர்கள், எல்லாரும். இத்தனை வருஷம் என் ஆட்டத்துக்கு வராத கைத்தட்டல் என் பொய்க்கு வந்தது. அன்றைக்கே பரிசு கொடுத்தார்கள். அவனுக்கு டீமில் இடம். எனக்கு இந்தக் கப்.

இதோ பாருங்கள். ஃபேர் பிளே கப். நேர்மையாக ஆடினவனுக்கு. ரோலிங் கப் இது, வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கினவனே கடைக்குக் கொண்டுபோய்த் தன் பெயரைப் பொறித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். மேலே இருக்கிற பெயரெல்லாம் படியுங்கள். ஒருத்தராவது கேள்விப்பட்ட பெயரா? இந்தக் கப்பில் பெயர் இருக்கிற எல்லாருமே தோற்றவர்கள் மாஸ்டர். ஜெயித்தவனுக்கு இதை ஒருநாளும் கொடுத்தது கிடையாது. உங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒன்று இருக்குமே? பார்த்தீர்களா. கடைசியாக வந்த பையனுக்குத்தானே கொடுப்பீர்கள்?

மறுநாளே கிளப் செயலாளரிடம் போனேன். அந்தப் பந்து நல்ல பந்து சார், தெரியாத்தனமாக ‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன் என்றேன். தோளில் தட்டினார். தோற்ற வருத்தம் தம்பி, நாலு நாள் போனால் சரியாகிவிடும் என்றார். நாலு நாள் கழித்துப் போனேன். அவர் முகம் மாறிவிட்டது. “நல்ல பேர் எடுத்திருக்க. நீயே கெடுத்துக்காத. உங்கப்பா இந்த கிளப்ல எவ்வளவு மரியாதையா இருந்தாரு தெரியுமா?” என்றார். அப்பாவை எதற்கு இதில் இழுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு நிரஞ்சன். டீமோடு அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் கிளப் வாசலில் பிடித்தேன். எடுத்தேன்டா அந்தப் பந்தை என்றேன். சிரிக்கவில்லை அவன். கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான்: “எனக்கும் எடுத்த மாதிரிதான்டா இருந்துச்சு. சும்மா கேட்டுப் பார்த்தேன். நீ குடுத்துட்ட.”

சும்மா கேட்டுப் பார்த்தானாம்.

கெட்டவன் இல்லை அவன், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேணா போய் அவங்ககிட்ட சொல்லட்டுமா என்று கேட்டான். நீ கொடுத்து நான் வாங்குவதா? வேண்டாம் என்றேன். நீ இப்போ உள்ளே வா, அதே மூலையில் அதே பந்தைப் போடு, நான் எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தான். நான் முன்னால் ஒரு பந்து போட்டுக் கொடுத்தேன், அவன் மணிக்கட்டைத் திருப்பினான். அதே மூலை. பந்து அங்கேயே படுத்துவிட்டது. நான் பாதி தூரம்கூடப் போகவில்லை. எப்படி எழும்பும்? குளிர்ந்த பந்து. பையிலிருந்து அப்போதுதான் எடுத்தது. பார்த்தியா என்றான். இது இல்லைடா அது, ஒரு மணி நேரம் என்னோடு ஆடு, பந்தைச் சூடாக்கிக் கொடுக்கிறேன், அதற்குப் பிறகு அடி என்றேன். மணி பார்த்தான். பேக்கிங் பாக்கி இருக்கிறது என்றான். போய்விட்டான்.

வீட்டில் அப்பா இந்தக் கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்தபோது அவர் எத்தனையோ தடவை துடைத்த கப். அது வீட்டுக்கு வந்ததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் கேட்டேன், நீங்கள் பக்கவாட்டில் படிக்கட்டில்தானே இருந்தீர்கள், உங்களுக்குப் பந்து தெரிந்திருக்குமே. துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “எடுத்தடா. நல்லாத் தெரிஞ்சுது. ஆனா சொன்ன பாரு ஒரு வார்த்தை, அதுதான் பெரிசு.”

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அப்பாவோடு இன்றுவரை சரியாகப் பேச்சு இல்லை. அவர் மார்க்கர். அவருக்கு அது வேலை, அப்படித்தான் யோசிப்பார். நான் எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்? எனக்கென்ன வந்தது? அதுதான் மாஸ்டர் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. நடந்து போகும்போது, படுக்கும்போது, பல் தேய்க்கும்போது, அதையே யோசிக்கிறேன். ஏசி சத்தம்தான் காரணம். வேறு என்ன?

போகட்டும். டீம் போய்விட்டது, அந்த இடம் இனி வராது. ஆனால் இந்தக் கப் இருக்கிறது இல்லையா. இதில் என் பெயரைப் பொறித்து நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வழக்கம் அவர்களுடையது. என்ன எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பெயருக்கு மேலே ஒரு வரி போடப் போகிறேன். அவர்கள் அதைப் பூட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கட்டும். ஒவ்வொரு வருஷமும் யாராவது துடைக்கட்டும். துடைக்கிறவன் படிப்பான். அடுத்த வருஷம் தோற்கிறவனும் தன் பெயரைப் போட இடம் தேடும்போது படிப்பான்.

முதலில் ‘எடுத்தேன்’ என்று ஒரே வார்த்தைதான் நினைத்தேன். ஜமீல் பாயிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “கப்ல எடுத்தேன்னு போட்டா கப்பத் திருடினவன் ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும் தம்பி” என்றார். நியாயம்தான். அதனால் மாற்றிவிட்டேன். அந்தப் பந்தை எடுத்தேன். மூன்று வார்த்தை.

கிளப்பில் கப்பைத் திருப்பி வாங்க மறுத்தால்? அதையும் யோசித்தேன். மறுத்தால் நானே கொண்டுபோய் அலமாரிக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு வருவேன். தூக்கி எறிந்தால் எறியட்டும். எறிவதற்கும் ஒருத்தன் கையில் எடுக்க வேண்டும், கையில் எடுத்தால் கண்ணில் படும். இன்னொரு பந்து. அவர்கள் திருப்பி அடித்தால் நான் மறுபடி எடுப்பேன். என்னைச் சுவர் என்றுதானே எழுதினார்கள்?

வந்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது பாருங்கள். டிரான்ஸ்பார்மரில் ஏறினவன் இறங்கிவிட்டான் போலிருக்கிறது.

என்ன பாய்? ஆமாம், இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறந்தே போனேன். தொழுகைக்குக் கிளம்ப வேண்டுமா. கடை சாத்துவதற்குள் ஒருத்தர் வேலைக்குத்தான் நேரம் இருக்கிறதா. இன்னொருத்தர் போய்விட்டு மத்தியானம் வர வேண்டுமா.

மாஸ்டர்.

ஒரு நிமிஷம். அந்தப் பெட்டியை மேஜை மேல் வைக்காதீர்கள்.

ஆமாம், சொன்னேன். நீங்கள் முதலில் கொடுங்கள் என்று என் வாயால்தான் சொன்னேன். பாயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. இப்போது மாற்றிச் சொல்கிறேன்.

நான்தான் முதலில் வந்தேன்.

சந்தேகமே இல்லை மாஸ்டர். அந்தப் படியில் கல் ஆடியது என் செருப்புக்குக் கீழே. கல் ஆடி, நான் ஒரு கையால் கதவைப் பிடித்தேன், அதற்குப் பிறகுதான் உங்கள் பெட்டி என் முதுகில் இடித்தது. எனக்குத் தெரியும். அப்போதே தெரியும்.

உங்களுக்கு ரயில் இருக்கிறது, தெரியும். நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே, அதுவும் தெரியும். நீங்கள் பெரியவர், பையன்களுக்காக அலைகிறீர்கள். எல்லாம் சரி. மத்தியானம் வாருங்கள், பாய் உங்கள் வேலையை முதலில் முடித்துக் கொடுப்பார். கோபப்பட்டாலும் பரவாயில்லை. கதை கேட்டுவிட்டு இப்படியா பண்ணுவாய் என்று நினைத்தாலும் பரவாயில்லை. இது எனக்கு. இந்த முறை எனக்கு.

பிடியுங்கள் பாய். துணி இருக்கட்டும், கீறல் விழாமல் அடியில் வையுங்கள். இந்த இடத்தில். அந்தப் பந்தை எடுத்தேன். இடம் போதாதா? அப்படியானால் வரியைப் பெரிதாகப் போடுங்கள், என் பெயரைச் சின்னதாகக் கீழே போட்டால் போதும். மெஷினைப் போடுங்கள். சொல்கிறேன், போடுங்கள்.

மாஸ்டர், பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமே. வேண்டாமா. சரி.

படி பார்த்து இறங்குங்கள். அந்தக் கல் ஆடும்.

கல் ஆடின சத்தம் கேட்டதா பாய்?